துவிச்சக்கர வண்டிக்குச் சிக்கனமான எஞ்சின்: மஸ்கெலியாப் பகுதிக் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

மலைநாட்டிலே மரக்கறி பயிரிடுவோர்க்கு விளைச்சலை உண்டாக்குவது ஒரு பாடு. அதனை வாடாமற் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாடு. மஸ்கெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயன்களை அடுத்த சிறு நிலங்களிலே கோவா, லீக்ஸ், போஞ்சி, கரட் முதலியவற்றைப் பயிரிடும் குடும்பங்கள் பல உள. அவர்தம் விளைச்சல் லொறி ஒன்றை வாடகைக்கு அமர்த்தும் அளவினதன்று; தலையிற் சுமந்து நெடுந்தூரம் செல்லும் அளவினதுமன்று. ஓர் அந்தர், அல்லது அதனிலும் சற்றுக் குறைந்த சுமை. இதனை ஏற்றிச் செல்லத் துவிச்சக்கர வண்டியிற் சிறிய பெற்றோல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம் இவ்வெண்ணத்துக்கு வலுவூட்டிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. ஜூன் 27 முதற் சில கிழமைகளுக்கு இன்றியமையாச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. துவிச்சக்கர வண்டிகளுக்கு நாடெங்கும் பெருந் தேவை உண்டாயிற்று. பின்னர் அமுலுக்கு வந்த தேசிய எரிபொருள் அனுமதி முறையில், மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குத் தொடக்கத்திற் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. இம்முறை 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது.

அக்காலத்து அனுபவத்திலிருந்து எஞ்சின் வாங்க எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அந்த அனுமதி வாகனப் பதிவிலக்கத்தையும் சட்டக எண்ணையும் கொண்டே வழங்கப்பட்டது. பதிவில்லாத வண்டிக்குப் பங்கில்லை. எஞ்சின் பொருத்திய துவிச்சக்கர வண்டி, பெயரளவிற் சைக்கிளாயினும், வீதியில் ஓடும்பொழுது இயந்திர வலுவால் இயங்கும் வாகனமேயாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; அதன்படி இத்தகைய வாகனத்துக்குப் பதிவும் வரி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும், ஓட்டுபவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். கடையில் வாங்கிய எஞ்சின் தொகுதியைத் தாமே பொருத்திய வண்டி பதிவுக்கு ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதை, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திற் பணங்கொடுப்பதற்கு முன்னரே நேரிற் கேட்டறிதல் வேண்டும். விற்பனையாளரின் வாய்மொழியை நம்புதல் கூடாது. விபத்தொன்று நேருமாயின் வழக்குக்கும் நட்டஈட்டுக்கும் முகங்கொடுப்பவர் ஓட்டியவரேயன்றி விற்றவரல்லர்.

அனுமதிக்குத் தடையில்லை எனத் தெரிந்த பின்னரே எந்த எஞ்சின் என்னும் ஆராய்ச்சி பயன்தரும். "லீற்றருக்கு 70 கிலோமீற்றர்", "80 கிலோமீற்றர்" என விளம்பரங்களிற் காணப்படும் எண்கள் பெரும்பாலும் சமதரையில், சுமையின்றி, மெதுவாக ஓட்டிப் பெறப்படுபவை. மலைப்பாதையில் அவ்வெண்கள் செல்லா. இதனை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஓட்டுபவர் 60 கிலோ, வண்டியும் எஞ்சினும் 30 கிலோ, மரக்கறி ஓர் அந்தர், அதாவது ஏறத்தாழ 50 கிலோ. மொத்தம் 140 கிலோ. இச்சுமையைச் சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் கொண்டுசெல்ல ஏறக்குறைய 110 உவாற்று வலுப் போதும். உடலுழைப்புப் பழகியவர் ஒருவர் நெடுநேரம் மிதித்து உண்டாக்கக்கூடிய வலுவும் இதற்கு அண்மையதே. ஆனால் 10 அடி செல்ல 1 அடி உயரும் ஏற்றத்தில் அதே வேகத்திற் செல்ல ஏறத்தாழ 680 உவாற்று, அதாவது ஒரு குதிரை வலுவுக்குச் சற்றுக் குறைவான வலு தேவைப்படும். ஆறு மடங்கு! தோட்டத்து உட்பாதைகளில் 6 அடிக்கு 1 அடி உயரும் இடங்களில், வேகத்தை 10 கிலோமீற்றராகக் குறைத்தாலும், ஏறத்தாழ ஒரு முழுக் குதிரை வலு வேண்டியிருக்கும்.

பரந்தனிலோ மட்டக்களப்பிலோ நெல் விளைவிக்கும் கமக்காரருக்கு இக்கணக்கு வேறொன்றையும் உணர்த்தும். சமதரையில் வயலுக்கும் வீட்டுக்கும் சென்றுவர நல்ல துவிச்சக்கர வண்டியே போதுமானது. செவ்வையாகக் காற்றடித்த ரயரும் எண்ணெயிட்ட சங்கிலியும், எஞ்சின் செய்யும் வேலையிற் பெரும்பகுதியைச் செலவின்றிச் செய்து முடிக்கும். எஞ்சினின் தேவை உண்மையில் எழுவது ஏற்றத்திலேயே. ஆகவே எஞ்சினைத் தெரிவு செய்வதும் ஏற்றத்தை மனத்திற் கொண்டே இருத்தல் வேண்டும்.

சைக்கிளுக்கென விற்கப்படும் பெற்றோல் எஞ்சின்கள் இருவகையின. ஒன்று, டூ ஸ்ட்ரோக் எனப் பலரும் வழங்கும் இரண்டடிப்பு எஞ்சின். மற்றையது நான்கடிப்பு எஞ்சின். முதுகிற் சுமந்து மருந்து தெளிக்கும் விசைக் கருவிகளிற் பெரும்பாலும் முதல்வகை உண்டு. வயலுக்கு நீரிறைக்கும் சிறு பெற்றோல் இயந்திரங்களில் இரண்டாவது வகையே மிகுதி. இரண்டடிப்பு எஞ்சின் எடை குறைந்தது, விலை குறைந்தது, பழுதுபார்க்க எளியது. அதன் குறை யாதெனில், எரிந்த புகையை வெளியே தள்ளுவதும் புதிய பெற்றோற் கலவையே. அவ்வாறு தள்ளும்பொழுது கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைவாயில் வழியாக ஓடிவிடுகின்றது. முழு வலுவில் இயங்கும்போது காற்பங்கு வரையும், சிலவேளை அதற்கு மேலும், இவ்வாறு வீணாவதுண்டு. புகைக்குழாயின் முனையிற் பெற்றோல் மணப்பதும் எண்ணெய் வடிவதும் இதனாலேயே. நான்கடிப்பு எஞ்சினிலோ வால்வுகள் தத்தம் வேளையிற் திறந்து மூடுவதால் இவ்விழப்பு மிகக் குறைவு.

எரிபொருட் பஞ்சமே இவ்வகை எஞ்சின்களை உலகிற் பரவச் செய்தது என்பது நினைவுகூரத்தக்கது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 இல், யப்பானில் ஹொண்டா சோய்ச்சிரோ என்பார் இராணுவ வானொலிக் கருவிகளுக்கென ஆக்கப்பட்டு எஞ்சியிருந்த சிறு எஞ்சின்களை வாங்கித் துவிச்சக்கர வண்டிகளிற் பொருத்தி விற்றார். பிற்காலத்துப் பெருந் தொழிலகத்தின் வித்து அதுவே. அதே காலத்தில் இத்தாலியில், நாய்க்குட்டி எனப் பொருள்படும் குச்சோலோ என்னும் சைக்கிள் எஞ்சினை டுக்காட்டி நிறுவனம் ஆக்கத் தொடங்கியது. அது 48 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கடிப்பு எஞ்சின். எளிய இரண்டடிப்பு எஞ்சின்கள் மலிந்திருந்த அந்நாளில், சிக்கலும் விலையும் மிகுந்த நான்கடிப்பு வகை புகழ்பெற்றமைக்கு அதன் பெற்றோற் சிக்கனமே முதன்மையான காரணமாயிற்று.

மேற்கூறிய 140 கிலோச் சுமையை 10 க்கு 1 ஏற்றத்திற் கொண்டுசெல்லும்போது, நல்ல நிலையிலுள்ள சிறு நான்கடிப்பு எஞ்சின் ஒரு லீற்றர் பெற்றோலில் 30 கிலோமீற்றர் அளவும், இரண்டடிப்பு எஞ்சின் 20 கிலோமீற்றர் அளவும் செல்லும் எனக் கணக்கிடலாம். இரண்டடிப்புக்குப் பெற்றோலோடு கலக்க வேண்டிய எண்ணெயின் விலையையும் சேர்த்தல் வேண்டும். 25 க்கு 1 என்னும் அளவிற் கலப்பதாயின் ஒவ்வொரு லீற்றருக்கும் 40 மில்லி லீற்றர் எண்ணெய் செல்லும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டியை எடுப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. அவருக்கு விலை குறைந்த எஞ்சினே போதும். கிழமைக்கு மும்முறை ஹட்டன் சென்று மீள்பவருக்கு, போகவர 40 கிலோமீற்றர் வீதம், கிழமைக்கு 120 கிலோமீற்றர் ஆகும். அவர் நான்கடிப்பு எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை விரைவில் மீட்டுவிடுவார்.

எஞ்சினின் மேல் எழுதப்பட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்புதல் தகாது. "80 சீசீ" எனப் பெயரிட்டு விற்கப்படும் இரண்டடிப்பு எஞ்சின்கள் பலவற்றின் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர். பிஸ்டன் ஓடும் தூரம் 38 மில்லிமீற்றர். விட்டத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி, அதனை அதனாலேயே பெருக்கி, பின் 0.785 ஆலும் பிஸ்டன் ஓடும் தூரத்தாலும் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 4.7, 4.7, 0.785, 3.8 ஆகிய நான்கையும் பெருக்கின் வருவது 66 மட்டுமே. பள்ளியிற் படிக்கும் பிள்ளையொன்று இக்கணக்கைச் செய்து கொடுக்கும். கொள்ளளவு பெரிதாக இருப்பது நன்மை என்பதும் தவறான எண்ணம். சிக்கனம் வேண்டுவோர்க்கு 50 சீசீக்கு உட்பட்ட நான்கடிப்பு எஞ்சினும் அதற்கேற்ற பற்சக்கரமும் போதும்.

பற்சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் மலைநாட்டில் எஞ்சின் வாங்கி மனம் வருந்துவோர் பலர் தவறு செய்யுமிடம் இதுவே. எஞ்சினோடு வரும் பின்சக்கரப் பற்சக்கரம் பெரும்பாலும் 44 பற்கள் கொண்டது. அது சமதரைக்கு உகந்தது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும், ஓட்டுபவர் விசையை முழுதும் திறப்பார், பெற்றோல் பாழாகும், எஞ்சினும் சூடேறும். 44 க்குப் பதிலாக 56 பற்களுள்ள சக்கரத்தைப் பூட்டினால், உச்ச வேகம் குறையுமாயினும், ஏற்றத்தில் இழுக்கும் விசை காற்பங்குக்கு மேற் கூடும். மஸ்கெலியா வீதிகளின் வளைவுகளிற் சுமையேற்றிய வண்டிக்கு மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் எதற்கு? சமதரையிற்கூட 15 இலிருந்து 30 ஆக வேகத்தைக் கூட்டினால், காற்றின் தடையால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலாகும்.

வலுவைச் சக்கரத்துக்குச் செலுத்த இரு வழிகள் உண்டு. ரயரின் மேல் அழுத்திச் சுழலும் உருளை ஒரு வழி. பிரான்சில் 1946 முதல் இலட்சக்கணக்கில் விற்ற வெலோசொலெக்ஸ் வண்டி இம்முறையிலேயே ஓடியது. பூட்டுவது எளிது, ஆனால் ஈரத்தில் உருளை வழுக்கும், ரயரும் விரைந்து தேயும். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கிற் பொழியும் மஸ்கெலியாவுக்கு அது பொருந்தாது. சங்கிலி வழியே இங்கு ஏற்றது. அதிலும் ஒரு குறையுண்டு. மலிவான தொகுதிகளிற் பற்சக்கரத்தைச் சக்கரக் கம்பிகளின் மேல் றப்பர்த் துண்டுகளை வைத்து முறுக்கிப் பூட்டுவர். ஏற்றத்தில் இழுவிசை முழுவதும் அக்கம்பிகளின் மேல் விழும். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து சக்கரம் நெளியும். ஆகவே சக்கரத்தின் நடுக்குடத்தோடு நேராகப் பூட்டப்படும் பற்சக்கரத்தையும், தடித்த கம்பிகளையும் கேட்டு வாங்குதல் நன்று. இதற்காகும் மேலதிகச் செலவு வீண்செலவன்று.

மஸ்கெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடப் பத்திலொரு பங்குக்கு மேற் குறைவு. எஞ்சின் உறிஞ்சும் காற்றுக் குறைவதால் அதன் வலுவும் அவ்வளவுக்குக் குறையும். கொழும்பிலே திருத்தியமைக்கப்பட்ட காபுரேற்றர் இங்கு காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெற்றோலை ஊட்டும். இதனைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. சில கிலோமீற்றர் ஏற்றத்தில் ஓட்டியபின் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை கருமையாகக் கரி படிந்திருப்பின் கலவை மிகை. இளம் பழுப்பு நிறமாயின் அளவு சரி. வெளிறி இருப்பின் கலவை போதாது. ஊசியுள்ள காபுரேற்றராயின் ஊசியிலுள்ள கொளுவியை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் ஊசி தாழ்ந்து பெற்றோல் குறையும். பின்னர் வண்டியைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், கொளுவியைப் பழைய இடத்துக்கு மாற்ற மறத்தல் கூடாது. போதாத கலவையில் ஓடும் எஞ்சின் மிகச் சூடேறிப் பிஸ்டனைக் கருக்கிவிடும்.

இறக்கமே இவை யாவற்றினும் ஆபத்தானது. 140 கிலோ எடையுள்ள வண்டி 10 க்கு 1 இறக்கத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற் போகாமற் பிடித்து இறக்க வேண்டுமாயின், பிரேக்குகள் ஏறத்தாழ 600 உவாற்று வெப்பத்தை இடைவிடாது தாங்க வேண்டும். ஒரு சிறிய மின்னடுப்பின் வெப்பம் அது. பழைய வண்டிகளின் கம்பிப் பிரேக்குகள் வெறும் மனிதரைத் தாங்குவதற்கென அமைந்தவை. மழையில் நனைந்த உருக்கு விளிம்பில் றப்பர்க் கட்டை பிடிக்காது. நிறுத்தும் தூரம் பன்மடங்கு நீளும். எனவே எஞ்சின் வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் பிரேக்குக்குச் செலவிடுதல் வேண்டும். முன்பின் இரு சக்கரங்களுக்கும் டிஸ்க் அல்லது டிரம் பிரேக் இன்றேல், குறைந்த பட்சம் அலுமினிய விளிம்புகளாவது வேண்டும். இவற்றுக்குப் பணம் போதாதவர் எஞ்சினைப் பிற்போடுவதே தகும். சுமையும் பின்தட்டின் மேல் உயர்ந்து நிற்றலாகாது. அதனை இரண்டாகப் பிரித்துப் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டால், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காது. வளைவிலும் வண்டி சாயாது.

இரண்டடிப்பு எஞ்சின் வைத்திருப்போர் இறக்கத்தில் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வெஞ்சினுக்கு வழுக்கெண்ணெய் பெற்றோலோடுதான் செல்கின்றது. விசையை மூடிக்கொண்டு, கிளச்சைப் பிடியாமல் நெடுந்தூரம் இறங்கினால் பெற்றோல் செல்லாது, எண்ணெயும் செல்லாது, எஞ்சின் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பின்சக்கரம் திடீரென நின்றுவிடும். கிளச்சைப் பிடித்து இறங்குவதே முறை.

எரிபொருளைப் பற்றியும் கூறுதல் அவசியம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் சில துளி பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். வேறு வழியற்ற நிலையில் மக்கள் காட்டிய திறமை அது. ஆயினும் இன்று விலை கருதி அதனைப் பின்பற்றுவது சிக்கனமாகாது. பெற்றோலுக்கென அமைந்த சிறு எஞ்சினில் மண்ணெண்ணெய் தட்டொலியை உண்டாக்கும். முழுவதும் எரியாது கரியாகப் படியும். நான்கடிப்பு எஞ்சினின் அடித்தொட்டி எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். மேலும், லயன் வீடுகளிற் சமையலறை விறகடுப்பும் படுக்கும் இடமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஒரு வீட்டிற் பற்றிய தீ முழு வரிசையையும் எரிக்கக்கூடும். பெற்றோற் போத்தலை வீட்டினுள் வைத்தலும், வண்டியை இரவில் உள்ளே நிறுத்துதலும் அறவே கூடாது. தாங்கியின் குழாயை மூடி, வெளியே கூரையுள்ள இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும்.

மின்மோட்டார் பொருத்தினால் என்ன என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே, 1960களின் இறுதியிற் பழைய மஸ்கெலியாப் பட்டினத்தை மூழ்கடித்து எழுந்த மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் நீர்தான் கெனியன், புதிய லக்சபான மின்நிலையங்களை இயக்குகின்றது. மின்சாரம் இம்மலையிலேயே பிறக்கும்போது பெற்றோலை எதிர்பார்ப்பானேன்? எனினும் 48 வோல்ற்று, 10 அம்பியர் மணி பற்றரி ஒன்று மேற்கூறிய சுமையோடு சமதரையில் 40 கிலோமீற்றருக்கு மேற் செல்லுமாயினும், 10 க்கு 1 ஏற்றத்தில் ஏறத்தாழ 8 கிலோமீற்றரிலேயே தீர்ந்துவிடும். தோட்டத்திலிருந்து மஸ்கெலியாப் பட்டினம் வரை மட்டும் சென்று வருபவருக்கு இது பொருந்தலாம். சுமையோடு ஹட்டன் வரை செல்வோர்க்கு இரண்டாவது பற்றரி வேண்டும். அதன் விலையைக் கேட்டபின் முடிவு செய்க. பதிவு பற்றிய விசாரணை இதற்கும் உண்டு.

நாள்தோறும் ஓர் அந்தருக்கு மேல் அனுப்புவோர் எந்த எஞ்சினையும் வாங்காதிருத்தலே நன்று. அயலிலுள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு வாகனத்தை வாடகைக்கு அமர்த்தினால், தலைக்கு விழும் செலவு பெற்றோற் செலவிலும் அதிகமாகாது.

வாங்கத் துணிந்தவர், ஏற்கெனவே அத்தகைய எஞ்சினை வைத்திருக்கும் ஒருவரிடம், அவர் இசைவுடன், ஒரு சோதனை செய்து பார்த்தல் வேண்டும். தாங்கியை முற்றாக வடித்து, மருந்து அளக்கும் குவளையால் 200 மில்லி லீற்றர் பெற்றோலை மட்டும் ஊற்ற வேண்டும். வழக்கமாகக் கொண்டுசெல்லும் சுமையை ஏற்றி, வழக்கமான வீதியிலே, கிலோமீற்றர்க் கற்களை எண்ணிக்கொண்டு எஞ்சின் நிற்கும் வரை ஓட்ட வேண்டும். சென்ற தூரத்தை ஐந்தாற் பெருக்கினால் ஒரு லீற்றருக்குரிய தூரம் வரும். முதல் நாள் ஏற்றமாகச் சென்றால் மறுநாள் அதே வீதியில் எதிர்த்திசையிற் சென்று, இரு எண்களின் சராசரியைக் கொள்ளுதல் வேண்டும். எஞ்சின் நின்ற இடத்திலிருந்து மீள்வதற்கு வேண்டிய பெற்றோலைத் தகரக் குப்பியொன்றில், மூடி இறுக்கி, உடன் கொண்டுசெல்க.